மூன்று, ஐம்பது, இருபது

2022 தைப்பொங்கலுக்கு மறுநாள், வெள்ளவத்தையில் எங்கள் நாலாம் மாடி பல்கனியில் நின்றபடி அண்ணா என் கையில் ஒரு சின்னக் கருவியை வைத்தார். அண்ணா என்றால் பெரியம்மாவின் மகன். லண்டனில் ஹரோவில் இருக்கிறார். பத்தொன்பது வருடம் சிகரட் குடித்த மனுசன், அப்போது ஆறு வருடமாகத் தொடவில்லை. அவருடைய வேப், அதாவது ஈ-சிகரட், அரைச் செங்கல் அளவு. ஒரு இழுப்பு இழுத்து விட்டால் பல்கனி முழுக்க வெள்ளைப் புகை. எதிர் பிளாட் அன்ரி ஜன்னலைத் திறந்து, "தம்பி, அங்க ஏதும் எரியுதோ?" என்று கேட்டா.

எனக்குக் கொண்டுவந்தது அப்படியில்லை. பேனை அளவில் மெல்லியது, சட்டைப் பையில் செருகலாம். கூடவே அதற்குள் ஊற்றுகிற நிக்கொட்டின் திரவம், அறுபது மில்லிலீற்றர் போத்தல் ஒன்று.

"இது மூண்டு மில்லிகிராம். நான் குடிக்கிறதும் இதுதான். குறைவிலயே தொடங்கு, அதுதான் நல்லது."

சீனி குறைவு நல்லது, உப்புக் குறைவு நல்லது, நிக்கொட்டினும் குறைவாக இருந்தால் நல்லதாகத்தானே இருக்க வேண்டும்? நானும் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலில் எனக்கு ஏறக்குறைய இரண்டு வருடம் போனது.

என்னைப் பற்றிக் கொஞ்சம். கொள்ளுப்பிட்டியில் ஒரு கப்பல் சரக்கு நிறுவனத்தில் கணக்குப் பகுதி. அப்போது நாற்பத்தொரு வயது. நாளுக்குப் பதினைந்து கோல்ட் லீஃப், மாத முடிவில் இருபது. முதலாவதை எங்கே குடிப்பேன் என்பது முக்கியம், பிறகு அதற்கு வருகிறேன்: பல் தீட்டமுன், பல்கனியில், கோட்டைப் பக்கம் போகிற காலை ரயில் கடலோரமாகக் கடக்கும் நேரம். படுக்கையை விட்டு எழும்பி ஐந்து நிமிடம் ஆகியிருக்காது.

மூன்று மில்லிகிராமோடு முதல் நாள் வடிவாகத்தான் போனது. புதுச் சாமான் ஆசை. இரண்டாம் நாள் மத்தியானம் கவனித்தேன், கருவி என் வாயை விட்டு இறங்கவே இல்லை. ஒரு சிகரட் என்றால் ஐந்து நிமிடத்தில் முடியும், காலால் நசுக்கிவிட்டுக் கதிரைக்குத் திரும்பலாம். இதற்கு முடிவே இல்லை. ஒபிஸ் மாடிப்படியில், காலி வீதியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது, குளியலறையில், எங்கேயும் உறிஞ்சல். வாய் காய்ந்து நாக்கு மரத்துப் போகும். ஆனால் அந்த "ஆ, இப்ப சரி" என்கிற இடம் வராது. பசியோடு பந்தியில் இருந்து அப்பளம் மட்டும் தின்றதுபோல. பின்னேரம் நாலு மணிக்குக் கைகள் தாமாகவே பெட்டிக்கடையைத் தேடும். "ஒண்டே ஒண்டு" என்று வாங்குவேன்.

பிறகு வந்தது மின்வெட்டு. அந்த வருடம் மார்ச் 31ஆம் திகதி பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் இல்லை, கொழும்பில் இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நாள் முழுக்க உறிஞ்சினால் பட்டரி எவ்வளவுக்குத் தாங்கும்? பவர் பாங்கில் இருந்த கொஞ்சத்தை மகளின் ஒன்லைன் வகுப்புக்காக மனைவி எடுத்து ஒளித்துவைத்தா. மெழுகுதிரி வெளிச்சத்தில் நாலு மாடி இறங்கினேன். சிகரட்டுக்கு சார்ஜ் தேவையில்லை. அதன்பின் பெற்றோல் வரிசைகள். ஆறு மணித்தியாலம், எட்டு மணித்தியாலம் வாகனத்துக்குள் காத்திருந்த அந்த நாட்களில் எதைத்தான் விடுவது.

அந்தக் காலத்தில் என் பெருமை ஒன்று: பதினைந்தை ஒன்பதாகக் குறைத்துவிட்டேன். வேப்பும் சிகரட்டும் இரண்டும். நண்பர்களிடம் சொல்லித் திரிந்தேன். பிறகு ஒருநாள் 2018ஆம் ஆண்டு பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் வந்த ஆய்வொன்றைப் பற்றி வாசித்தேன். நாளுக்கு ஒரே ஒரு சிகரட் குடிப்பவருக்குக்கூட, இருபது குடிப்பவருக்குக் கூடுகிற மாரடைப்பு அபாயத்தில் ஏறக்குறைய பாதி கூடுகிறது. இருபதில் ஒரு பங்கு இல்லை, பாதி. அந்தக் கணக்கில் என் ஒன்பது எங்கே நிற்கும் என்று பார்த்தேன். கருவியைக் கழுவி மேசை லாச்சிக்குள் போட்டேன். "எனக்கு மனத்திடம் காணாது" என்று மனைவியிடம் சொன்னேன். அவ மறுக்கவும் இல்லை.

மனத்திடம் அல்ல, கணக்குத்தான் பிழை என்று விளங்க எனக்கு லண்டன் வரை போகவேண்டி இருந்தது. வாசிப்பவருக்கு அந்தச் செலவு வேண்டாம், இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

ஒரு சிகரட்டின் புகையிலையில் பத்து மில்லிகிராமுக்கு மேல் நிக்கொட்டின் இருந்தாலும், குடிப்பவரின் உடம்பில் சேருவது ஒன்று, மிஞ்சினால் இரண்டு மில்லிகிராம். குறைந்தபட்சமாக ஒன்று என்றே வைத்துக்கொள்ளுங்கள். பதினைந்து சிகரட், பதினைந்து மில்லிகிராம். இதுதான் என் உடம்பின் நாளாந்தக் கொள்முதல். போத்தலில் "3" என்றால் ஒரு மில்லிலீற்றருக்கு மூன்று மில்லிகிராம். என் பேனைக் கருவி நாளுக்கு இரண்டு மில்லிலீற்றர்தான் குடிக்கும். ஆக ஆறு. அதிலும் வெளியே ஊதுகிற ஆவியோடு போவது போக மிச்சம்தான் எனக்கு. பதினைந்து தேவைப்படுகிற இடத்தில் ஆறுக்கும் குறைவு. மாதக் கடைசியில் இப்படி ஒரு ஐந்தொகையை நான் முதலாளியின் மேசையில் வைத்தால் என்ன நடக்கும்?

அப்படியென்றால் அண்ணாவுக்கு எப்படி அதே மூன்று போதுமாக இருந்தது? அவருடைய செங்கல் எழுபது வாட்டில் எரிகிறது. திரவத்தைச் சூடாக்குகிற கம்பிச் சுருளான கொயிலின் தடை 0.2 ஓம். ஒரு இழுப்புக்கு அவ்வளவு திரவத்தை ஆவியாக்கி நேரே நெஞ்சுக்குள் இறக்குகிறது. நாளுக்குப் பன்னிரண்டு மில்லிலீற்றர் முடிப்பார். மூன்று பெருக்கல் பன்னிரண்டு, முப்பத்தாறு. அவர் எனக்குத் தந்தது தன்னுடைய திரவத்தை, தராதது தன்னுடைய இயந்திரத்தை. போத்தலில் உள்ள இலக்கம் தனியாக ஒன்றையும் சொல்வதில்லை. எந்தக் கருவியில், நாளுக்கு எத்தனை மில்லிலீற்றர் என்பதோடு சேர்த்துப் பார்த்தால்தான் அதற்குப் பொருள். சின்னக் கருவி, வாயில் இழுத்துப் பிறகு உள்ளே எடுக்கிற வகை என்றால் செறிவு கூட வேண்டும். பெரிய கருவி என்றால் குறைவு. இதை மாற்றிச் செய்தால் ஒன்று என்னைப் போலத் தவிக்க வேண்டும், அல்லது எழுபது வாட்டில் இருபதை ஊற்றித் தலைசுற்றி விழவேண்டும்.

"குறைவு என்றால் பாதுகாப்பு" என்பதும் நினைக்கிற அளவுக்கு உண்மையில்லை. லண்டன் சவுத் பாங்க் பல்கலைக்கழகத்தின் லின் டோக்கின்ஸ் குழுவினர் பழகிய வேப் பாவனையாளர்கள் இருபது பேருக்கு மாறி மாறி 6 மில்லிகிராமும் 18 மில்லிகிராமும் கொடுத்துப் பார்த்தார்கள். 2018இல் வெளிவந்த ஆய்வு. செறிவு குறைந்தபோது ஆட்கள் கூட இழுத்தார்கள், நீளமாக இழுத்தார்கள், கூடத் திரவம் முடித்தார்கள். அப்படி இழுத்ததில் போர்மல்டிஹைட் போன்ற வேண்டாத பொருளின் அளவும் கூடியது. திரவத்தைச் சூடாக்கும்போது உண்டாவது அது. உடம்பு தனக்கு வேண்டியதை விடாது, வேறு வழியால் வசூலிக்கும். குளியலறையில் நான் செய்ததும் அந்த வசூல்தான்.

ஆனால் இந்தக் கணக்கு தெரிவதற்கு முன் இன்னொரு கோமாளித்தனம் செய்தேன்.

2023 நடுப்பகுதி. ஒபிஸில் இளம் பெடியன் ஒருவன் மாம்பழ வாசத்தோடு திரிந்தான். எறிந்துவிடுகிற வகை வேப். எங்கே எடுத்தாய் என்றேன். "அது ஒரு ஆள் இருக்கிறார் அண்ணா" என்றான். ஒன்றை மறைக்காமல் எழுதவேண்டும்: 2016இல் வந்த வர்த்தமானியோடு இலங்கையில் ஈ-சிகரட் விற்பது தடை. நான் வாங்கியிருக்கக் கூடாது. வாங்கினேன். பெட்டியில் "5%" என்று போட்டிருந்தது. மூன்று காணவில்லை, இப்போது ஐந்து, சரியான முன்னேற்றம் என்று எண்ணினேன்.

கணக்குப் பகுதியில் பதினெட்டு வருடம் வேலைசெய்தவன் நான். ஐந்து வீதம் என்பது ஒரு மில்லிலீற்றருக்கு ஐந்து மில்லிகிராம் அல்ல, ஐம்பது. வீதத்தைப் பத்தால் பெருக்கினால் மில்லிகிராம். 0.3% என்பது மூன்று, 2% என்பது இருபது, 5% என்பது ஐம்பது. இதை எழுதும்போதும் காது சுடுகிறது.

மூன்றில் பழகிய பழக்கத்தோடு அதை இழுத்தேன். அதாவது நிறுத்தாமல். தொண்டையில் ஒரு சுரண்டலும் இல்லை, அல்வா மாதிரி இறங்கியது. கொள்ளுப்பிட்டியில் நூறாம் நம்பர் பஸ் ஏறியபோது விக்கல் தொடங்கியது. பம்பலப்பிட்டி தாண்ட உள்ளங்கை குளிர்ந்து வேர்த்தது. நெஞ்சு தறிகெட்டு அடித்தது. வாயில் எச்சில் ஊறி ஊறி வந்தது. எது அடுத்து வரும் என்று தெரிந்ததும் சவோய் தியேட்டருக்குக் கிட்ட மணியடித்து இறங்கி, ஒரு கடைப் படியில் தலையைக் குனிந்துகொண்டு இருந்தேன். ஒரு வயதான ஐயா, "தம்பி, சீனி வருத்தமோ?" என்று கேட்டு இனிப்பொன்று தந்தார். வாந்தி எடுத்தபின் அரை மணித்தியாலத்தில் தலைசுற்றல் குறைந்தது. படபடப்பு அடங்க இரவாகிவிட்டது. நிக்கொட்டின் இரத்தத்தில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம் எடுக்கும்.

தொண்டை ஏன் எச்சரிக்கவில்லை என்பதற்குக் காரணம் உண்டு. சாதாரண நிக்கொட்டின் காரத்தன்மை கொண்டது, செறிவு கூடினால் தொண்டையைக் கீறும், ஆள் தானாக நிறுத்துவார். இந்தப் புதுவகைகளில் பென்சோயிக் அமிலம் சேர்த்து அதை உப்பாக மாற்றுகிறார்கள். 'நிக் சோல்ட்' என்று சொல்வது அதைத்தான். காரம் இறங்கிவிடும், தொண்டை உறுத்தாது, ஐம்பதும் ஐந்துபோல இறங்கும். அளவாகப் பாவித்தால் அதுவே அனுகூலம். அளவு தெரியாதவனுக்குப் பிரேக் இல்லாத ஓட்டோ. அதைவிட, களவாக வருகிற சாமானின் பெட்டியில் எழுதியிருப்பது உள்ளே இருக்கிறதா என்று யார் பார்த்தார்கள்? ஐம்பது என்று நான் சொல்வதும் அந்தப் பெட்டியை நம்பித்தான். விக்கல், குமட்டல், தலையிடி, படபடப்பு வந்தால் செறிவு கூட, அல்லது இழுப்புக் கூட. எரிச்சல், நித்திரையின்மை, கருவி வாயை விட்டு இறங்காமை வந்தால் செறிவு குறைவு. லேபலை விட உடம்பு சொல்வதைத்தான் நான் இப்போது நம்புகிறேன்.

2023 ஒக்டோபரில் அண்ணாவின் மகளுக்குச் சாமத்தியச் சடங்கு. ஐந்து கிழமை ஹரோவில் நின்றேன். அண்ணி அங்கே ஒரு பார்மசியில் வேலை, புகைத்தலை விட வருபவர்களுக்கு ஆலோசனை சொல்லப் பயிற்சி எடுத்தவ. இரண்டாம் நாள் காலை பின்வளவில் குளிரில் நடுங்கிக்கொண்டு நான் சிகரட் குடிப்பதைக் கண்டு, ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தா.

"தம்பி, எழும்பி எத்தனை நிமிசத்தில முதல் சிகரட்?"

"அஞ்சு நிமிசம் வராது அண்ணி."

"ஒரு நாளைக்கு?"

"பதினைஞ்சு. இப்ப இருபது வருது."

அவ அண்ணாவின் பக்கம் திரும்பினா. "இவருக்கோ உங்கட மூண்டைக் குடுத்தனீங்கள்?" அண்ணா கேத்திலுக்குத் தண்ணி பிடிக்கப் போய்விட்டார்.

அந்த முதல் கேள்வி பொழுதுபோக்குக் கேள்வியல்ல. காள் பேகஸ்ட்ரோம் என்ற சுவீடன்காரர் வகுத்த நிக்கொட்டின் சார்புச் சோதனையில் அதிக புள்ளி கொடுக்கிற கேள்விகளில் அது ஒன்று. இரவு முழுக்க நிக்கொட்டின் இல்லாமல் கிடந்த உடம்பு எழும்பியவுடன் எவ்வளவு அவசரப்படுகிறது என்பதுதான் அளவுகோல். நாளுக்கு எத்தனை என்பதைவிட இது கூடச் சொல்லும். ஐந்து நிமிடத்துக்குள் என்றால் நல்லாகப் பிடித்துவிட்டது என்று பொருள்.

அன்று பின்னேரம் பார்மசிக்குக் கூட்டிக்கொண்டு போய் ஒரு குழாயில் ஊதவைத்தா. மூச்சில் உள்ள காபன் மொனொக்சைட்டை அளக்கிற சின்னக் கருவி. இருபத்து நாலு காட்டியது. சிகரட் குடிக்காதவருக்கு ஐந்து, ஆறுக்குள் இருக்குமாம். பிறகு சின்னக் கருவி ஒன்றும் இருபது மில்லிகிராம் நிக் சோல்ட் பத்து மில்லிலீற்றர் போத்தலும் வாங்கிக் கொடுத்தா. இருபதுதான் அங்கே சட்டப்படி உச்ச வரம்பு. ஐரோப்பிய ஒன்றியம் 2016இலிருந்து நடைமுறைப்படுத்திய விதி, ஒன்றியத்தை விட்டு விலகிய பிறகும் பிரித்தானியா வைத்திருக்கிறது. ஐம்பது அங்கே கடையில் இல்லை.

மாற்றம் முதல் அரை மணித்தியாலத்திலேயே தெரிந்தது. ஆறேழு இழுப்பு. தொண்டையில் மெல்லிய ஒரு தட்டு. பிறகு, இதுதான் எனக்குப் புதிது, கருவியை மேசையில் வைத்துவிட்டு மறந்துபோனேன். ஒரு மணித்தியாலம் அண்ணாவின் மகளோடு பலூன் ஊதிக்கொண்டு இருந்தேன். வேப் வேலைசெய்கிறது என்பதற்கு நான் சொல்லக்கூடிய ஒரே அறிகுறி அதுதான்: அதைக் கீழே வைக்க முடிகிறதா? நாளுக்கு ஒன்றரை மில்லிலீற்றர் போதும் என்று ஆகியது. சிகரட்டை விட ஆவியிலிருந்து நிக்கொட்டின் கொஞ்சம் மெதுவாக ஏறுகிறது, அதனால் ஒரு ஐந்து நிமிடம் பொறுக்க வேண்டும் என்று அண்ணி சொல்லியிருந்தா. பொறுக்காமல் அடுத்தடுத்து இழுத்தால் விக்கல் வரும். காலி வீதி அனுபவம் போதும் என்று பொறுத்தேன்.

சடங்கு அன்று மட்டும் மண்டபத்துக்கு வெளியே பழைய சிநேகிதர்களோடு ஒரு சிகரட். அரைவாசியில் எறிந்தேன், சுவை பிடிக்கவில்லை. மூன்றாம் கிழமை திரும்ப ஊதினேன். இரண்டு. அண்ணி அந்தக் கருவியைத் தூக்கிக் கடையில் நின்ற எல்லோருக்கும் காட்டினா.

"மனிதர் நிக்கொட்டினுக்காகப் புகைக்கிறார்கள், தாரினால் சாகிறார்கள்" என்று மைக்கல் ரஸ்ஸல் என்ற ஆய்வாளர் 1976இலேயே எழுதிவிட்டார். எரிவதில்தான் தாரும் காபன் மொனொக்சைட்டும் வருகிறது, என் இருபத்து நாலு இரண்டானதும் எரிவது நின்றதால்தான். இதை வைத்து நிக்கொட்டின் பால்சோறு என்று யாரும் எடுக்கவேண்டாம். அது இதயத்தைத் துரிதப்படுத்தும், கர்ப்பிணிகளுக்கும் வளரும் பிள்ளைகளுக்கும் கூடாது, பிடித்தால் விடாது. வெள்ளவத்தை டியூட்டரி ஒழுங்கைகளில் பதினாறு வயதுப் பெடியள் மாம்பழ ஆவி விடுவதைக் காணும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது. சிகரட்டே தொடாத பிள்ளைக்கு இது எதற்கு மாற்று? திரவப் போத்தலைச் சின்னப் பிள்ளைகளுக்கு எட்டாமல் பூட்டிவைக்கவும் வேண்டும். இருபது மில்லிகிராம் போத்தல் ஒன்றுக்குள் மொத்தம் இருநூறு மில்லிகிராம், குழந்தைக்கு அது நஞ்சு.

ஊர் திரும்பும் நேரம் வந்தது. கருவியை என்ன செய்வது? கட்டுநாயக்காவில் பையைத் திறக்கவைத்தால் என்ன சொல்வது என்பது ஒரு பக்கம். மற்றப் பக்கம், போத்தல் முடிந்தால் கொழும்பில் அதே இருபதை எங்கே தேடுவது? திரும்ப அந்த "ஒரு ஆளிடம்" போய் யாரோ ஒட்டிய லேபலை நம்பவேண்டும். சென்னையிலிருந்து ஆள் மூலம் எடுப்பிக்கலாம் என்று நண்பன் ஒருவன் யோசனை சொன்னான். இந்தியாவிலும் 2019இலிருந்து தடை என்பது அவனுக்குத் தெரியாது. செறிவுதான் எல்லாம் என்று கற்றுக்கொண்ட பிறகு, செறிவு தெரியாத சாமானை வைத்து என்ன செய்ய?

இன்னொன்றும் உறுத்தியது. லண்டன் குயீன் மேரி பல்கலைக்கழகத்தின் பீற்றர் ஹயெக் தலைமையில் 886 பேரை வைத்துச் செய்த, 2019இல் வெளியான ஆய்வைப் பற்றி அண்ணி சொன்னா. தொடக்கத்தில் அவர்களுக்குக் கொடுத்தது 18 மில்லிகிராம் திரவம், மூன்று அல்ல. ஒரு வருட முடிவில் வேப் எடுத்தவர்களில் நூற்றுக்குப் பதினெட்டுப் பேர் சிகரட்டை விட்டிருந்தார்கள். தோலில் ஒட்டுகிற நிக்கொட்டின் பட்டி, வாயில் போடுகிற நிக்கொட்டின் கம் போன்றவை எடுத்தவர்களில் பத்துக்குச் சற்றுக் குறைவு. நல்ல வித்தியாசம். ஆனால் வேப்பால் விட்டவர்களில் எண்பது வீதம் ஒரு வருடத்தின் பின்னும் வேப் பிடித்துக்கொண்டுதான் இருந்தார்கள். மற்றப் பக்கம் அது ஒன்பது வீதம். எனக்குக் கொழும்பில் வேப் கிடையாது என்றால் அந்த எண்பதில் நான் இருக்க முடியாது. கருவியை அண்ணியின் அலுமாரியில் விட்டுவிட்டு, இருபத்தொரு மில்லிகிராம் நிக்கொட்டின் பட்டிகளும் நாலு மில்லிகிராம் கம்மும் கட்டிக்கொண்டு வந்தேன்.

அந்த மூன்று மில்லிகிராமில் கற்ற பாடம் இங்கே நேரே கைகொடுத்தது. கம் இரண்டு மில்லிகிராமிலும் உண்டு, நாலிலும் உண்டு. பழைய நானாக இருந்தால் இரண்டைத்தான் எடுத்திருப்பேன், குறைவு நல்லதல்லவா. எழும்பி அரை மணித்தியாலத்துக்குள் முதல் சிகரட் என்றால் நாலு, அதற்குப் பிறகு என்றால் இரண்டு. பட்டியும் அப்படித்தான், நாளுக்குப் பத்துச் சிகரட்டுக்கு மேல் என்றால் இருபத்தொன்றில் தொடங்குவது. பட்டி நாள் முழுக்கச் சீராகக் கொடுக்கும், ஆசை திடீரென்று பிடிக்கும்போது கம். இரண்டையும் சேர்த்துப் பாவிப்பது ஒன்றை மட்டும் பாவிப்பதை விடப் பலன் தரும்.

கொழும்பு வெக்கைக்குப் பட்டி ஒட்டாது என்பதை எந்தத் துண்டுப்பிரசுரமும் சொல்லவில்லை. முதல் கிழமையில் நூறாம் நம்பர் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது ஒன்று சேர்ட் கைக்குள்ளால் நழுவிப் பக்கத்து மனுசியின் மரக்கறிப் பைக்குள் விழுந்தது. கேட்டு எடுக்க வெட்கமாகிப் போய்விட்டது. பிறகு கண்டுபிடித்த வழி: குளித்து, மின்விசிறிக்குக் கீழே நின்று தோலை நன்றாகக் காயவைத்து, பவுடர் போடாமல், மயிரில்லாத மேற்கையில் வைத்துப் பத்து எண்ணும் வரை உள்ளங்கையால் அழுத்துவது. ஒவ்வொரு நாளும் இடம் மாற்றவேண்டும், இல்லாவிட்டால் சொறியும்.

கம்மில் நான் செய்த பிழை வேறு. சுவிங்கம் போல மென்றேன், திரும்பவும் விக்கல். அதை மெல்லுவதில்லை. உறைப்பு வரும்வரை சில தரம் கடித்து, பிறகு வெற்றிலையை ஒதுக்குவதுபோலக் கன்னத்தில் ஒதுக்கவேண்டும். உறைப்புப் போனதும் திரும்ப ஒரு கடி. வாயின் தோலால்தான் நிக்கொட்டின் போகிறது, விழுங்கினால் வயிற்றுக்கு வீண் கரைச்சல். என் அப்பப்பா யாழ்ப்பாணச் சுருட்டுப் புகையை உள்ளே இழுக்கவே மாட்டார், வாயோடு வைத்து விட்டுவிடுவார். அப்படியிருந்தும் சுருட்டு இல்லாமல் அவரால் இருக்கமுடியாது. சின்ன வயதில் அது எனக்கு விளங்காத அதிசயம். சுருட்டுப் புகை காரத்தன்மையானது, நிக்கொட்டின் வாயாலேயே ஏறிவிடும். சிகரட் புகை அமிலப் பக்கம், அதனால்தான் நெஞ்சுக்குள் இழுக்கவேண்டும். கம்மிலும் அதே கதை: வாய் அமிலமாக இருந்தால் வேலைசெய்யாது. கோப்பி, சோடா, பழச்சாறு குடித்துப் பதினைந்து நிமிடத்துக்குள் கம் போட்டால் காசு வீண்.

இதை அறியாமல் நான் ஒபிஸ் கன்ரீனில் தேசிக்காய் பிழிந்த பிளேன்டீயோடு கம் போட்டு, "இந்தக் கம் சரியில்லை" என்று ஒரு கிழமை புறுபுறுத்தேன். தேத்தண்ணிக்கும் சிகரட்டுக்கும் உள்ள கலியாணம் வேறு லேசில் அறாது. இப்போது முதலில் தேத்தண்ணி, வாயைக் கொப்பளித்து, ஒரு கோலை முடித்துவிட்டு, அதன்பின் கம்.

பட்டியை ஆறு கிழமை இருபத்தொன்றிலும், இரண்டு கிழமை பதினாலிலும், இரண்டு கிழமை ஏழிலும் வைத்து நிறுத்தினேன். இருபத்தொன்றிலிருந்து இறங்கிய மூன்றாம் நாள் மனைவியோடும் மகளோடும் காரணமில்லாமல் பாய்ந்தேன். அந்த நாட்களில் கம்மைக் கூட்டினேனே தவிர, வீரம் காட்டவில்லை. செறிவைக் குறைப்பதற்கு அவசரம் இல்லை, சிகரட்டை விடுவதற்குத்தான் அவசரம். இரண்டையும் ஒரே கிழமையில் செய்யப்போனவர்கள் பெட்டிக்கடைக்குத் திரும்பியதை ஒபிஸிலேயே கண்டிருக்கிறேன். தனியாகச் சமாளிக்க ஏலாது என்றால், இலங்கையில் புகைத்தலை விட உதவுகிற 1948 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்துக் கேட்கலாம். நெஞ்சு வருத்தம், பிரஷர் உள்ளவர்கள் கம், பட்டி எதுவானாலும் முதலில் டொக்டரிடம் ஒருக்காக் கதைத்துவிட வேண்டும்.

போன மாதம் அண்ணா வட்ஸ்அப்பில் எடுத்தார். மூன்றிலிருந்து பூச்சியத்துக்கு இறங்கிவிட்டாராம். நாளுக்கு எத்தனை மில்லிலீற்றர் போகிறது என்றேன். கொஞ்சம் கூடத்தான், ஒரு இருபது என்றார். பின்னால் அண்ணி சிரிக்கும் சத்தம் கேட்டது.

எனக்குச் சிகரட் இல்லாமல் இரண்டு வருடத்துக்கு மேலாகிறது. இரண்டு மில்லிகிராம் கம் அட்டை ஒன்று இன்னும் சேர்ட் பொக்கற்றில் இருக்கிறது. மாதக் கணக்கு முடிக்கிற நாளில் ஒன்று, சில வேளை இரண்டு. இந்த அட்டையில் ஏழு மிச்சம்.